முதல் வரிசைக் குடை

தொலைபேசி அடித்தபோது ராக்கேலேயின் இரண்டு கையிலும் ரவை. கார்னிவல் வாரத்தில் நேப்பிள்ஸ் நகரத்து அடுக்களை எதுவும் ரவையும் பால்கட்டியும் ஆரஞ்சுத் தோலும் மணக்காமல் இருக்காது. வெளியே பிப்ரவரி மழை பால்கனிச் செடிகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. மலை ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற அவள் கணவன் தொனாத்தோ, செய்தித்தாளை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு, தொலைபேசி என்று ஒன்று உலகத்திலேயே இல்லை என்பதுபோலச் சாய்ந்து கிடந்தான். அதனால் அவள்தான் சுண்டுவிரலால் பொத்தானை அமுக்கி, தோளுக்கும் காதுக்கும் நடுவே அதை இடுக்கிக்கொண்டாள்.

“தொன்னா ராக்கேலே, நான்தான் கொஸ்தாபிலே பேசறேன், இஸ்கியாவுலேர்ந்து.”

அவள் காலாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஸ்தாபிலே குளிர்காலத்தில் யாரையும் கூப்பிடுகிறவன் இல்லை. கூப்பிடுகிறான் என்றால் யாரோ செத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் வரிசையில் இடம் காலியாகியிருக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான்.

“யாரு போயிட்டாங்க?” என்றாள் எடுத்த எடுப்பில்.

“மாதா புண்ணியத்துல யாரும் போகலம்மா. நம்ம ஸ்கோத்தோ வக்கீல்தான், மகளோட போய் துரின்ல இருக்கப் போறாராம். அவர் குடை காலி. முதல் வரிசை. முறைப்படி உங்களுக்கு முன்னால இன்னொருத்தரைக் கேக்கணும். கேட்டேன், அவங்க வேணாம்னுட்டாங்க. அதனால…”

“சரி” என்றாள் ராக்கேலே.

“நான் இன்னும் சொல்லியே முடிக்கலியே.”

“சரின்னுட்டேன்.”

“நிதானமா யோசிங்க. ஞாயித்துக்கிழமைதான் பலகையில பேர் எழுதுவேன்.”

“யோசிக்கிறதுக்கு இதென்ன கல்யாணமா?” என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். வாயெல்லாம் பல்லாக இருந்தது. மூக்கில் ரவை ஒட்டியிருந்தது.

இஸ்கியாத் தீவில் கொஸ்தாபிலேயின் லிதோ என்பது ஒரு துண்டு மணல்தான். அதில் ஐந்து வரிசை நீலக் குடைகள், ஒவ்வொரு குடைக்கும் கீழே இரண்டு சாய்நாற்காலிகள். ஒருவன் நேப்பிள்ஸில் எப்பேர்ப்பட்ட கொம்பனாகவும் இருக்கட்டும். ஆகஸ்டில் அவன் எந்த வரிசையில் காலை நீட்டுகிறான் என்பதுதான் அவனுடைய உண்மையான அந்தஸ்து. ஐந்தாவது வரிசை கழிப்பறையின் ஓரம். நான்காவது வரிசை ஐந்தாவதைப் பார்த்து ஆறுதலடைகிற இடம். முதல் வரிசைக்காரர்களின் கால்விரலைக் கடலே வந்து தொட்டுவிட்டுப் போகும். அங்கே இடம் கிடைப்பது அரசாங்கத்தில் பதவி உயர்வு கிடைப்பதைவிடக் கஷ்டம். பதவி உயர்வுக்காவது யார் காலையாவது பிடிக்கலாம். குடை அப்படியல்ல, அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும், மகனிடமிருந்து மருமகனுக்குப் போகும். நடுவில் ஒரு சாவோ திவாலோ வந்தால்தான் வரிசை நகரும்.

ராக்கேலே ஐந்தாவதில் தொடங்கி மூன்றாவது வரைக்கும் வந்து, அங்கேயே பத்தொன்பது கோடைகளாகத் தேங்கிவிட்டாள். ஒவ்வொரு ஆகஸ்டிலும், ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முதல் வரிசையின் முதுகுகளைக் கடந்து கடலுக்கு இறங்கும்போது அவளுக்கு நெஞ்சில் ஒரு முள் தைக்கும். முதல் வரிசைப் பெண்கள் யாரையும் கடந்து இறங்குவதில்லை. எழுந்தார்கள், இறங்கினார்கள், அவ்வளவுதான். சாவதற்குள் ஒரு கோடையாவது அப்படி எழுந்து அப்படியே இறங்கிவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. இதை அவள் சர்ச்சிலேயே மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக் கேட்டிருக்கிறாள். பங்குச் சாமியாருக்கு மட்டும் சொல்லவில்லை.

“தொனாத்தோ, முதல் வரிசை கிடைச்சிருச்சு!” என்று கத்தினாள்.

செய்தித்தாள் மெதுவாக இறங்கியது. தொனாத்தோ மகிழ்ச்சியடைவதற்கு முன்னால் கையைச் சட்டைப்பைக்குள் விட்டு வீட்டுச் சாவியைத் தொட்டான். நல்லது எதையும் வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும், இரும்பைத் தொட்டால் போய்விடும் என்பது அவன் நம்பிக்கை. விடுமுறைத் திட்டம் போடுகிற மாதங்களில் அவன் கை பெரும்பாலும் பைக்குள்ளேயே இருக்கும்.

“அப்ப ஜெரார்தோ?” என்றான்.

“ஜெரார்தோவுக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.”

ஜெரார்தோ அவனுடைய சீட்டாட்டக் கூட்டாளி. பக்கத்துக் குடைக்காரன். அதைவிட முக்கியமாக, எர்மெலிந்தாவின் கணவன். எர்மெலிந்தா யார் என்று சொல்ல வேண்டுமானால், ராக்கேலேயைக் கேட்கக் கூடாது. கேட்டால் அடுப்பில் இருக்கிறது தீய்ந்துவிடும்.

சுருக்கமாக இதுதான். எர்மெலிந்தா பக்கத்துக் குடை. மத்தியானம் சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணயர்கிற நேரத்தில் அவள் எழுந்து தன் குடையைக் கொஞ்சம் சாய்ப்பாள். அப்படிச் சாய்த்ததும் அதன் நிழல் எல்லை தாண்டி வந்து ராக்கேலேயின் இடதுகால் மேல் விழும். ஒரு மாதம் முழுக்க இப்படி. ஆகஸ்டு முடிந்து ஊருக்குத் திரும்பும்போது வலதுகால் செம்புப் பானை மாதிரி கறுத்திருக்கும், இடதுகால் மருத்துவமனையில் இருந்து வந்த மாதிரி வெளுத்திருக்கும். கறுக்காமல் திரும்பி வந்தால் அந்த ஊரில் விடுமுறைக்கே போகவில்லை என்று பேசுவார்கள். பாதி கறுத்தால் என்ன பேசுவார்கள் என்று ராக்கேலே பத்தொன்பது செப்டம்பர்களில் கேட்டுவிட்டாள். இதற்காக அவள் எர்மெலிந்தாவிடம் போட்ட சண்டைகளை ஒன்றாகக் கட்டினால் தீவிலிருந்து நேப்பிள்ஸ் வரைக்கும் எட்டும்.

சண்டை ஒரு பக்கம் இருக்க, தட்டு இன்னொரு பக்கம். கத்திரிக்காயை வறுத்து, தக்காளிக் குழம்பும் பால்கட்டியுமாக அடுக்கி வேகவைக்கிற பார்மிஜானாவை ராக்கேலே வீட்டிலிருந்து கொண்டு வருவாள். எர்மெலிந்தாவும் கொண்டு வருவாள். ஒருத்தி மற்றவளுக்கு ஒரு தட்டு அனுப்பியே ஆக வேண்டும். சண்டையில் இருந்தாலும் அனுப்ப வேண்டும். சண்டையில் இருந்தால் கொஞ்சம் கூடுதலாகவே அனுப்ப வேண்டும். வந்த தட்டைக் காலியாகத் திருப்பக் கூடாது. அதனால் தட்டுகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். போன வருஷக் கடைசியில், படகு கிளம்புகிற நேரத்தில், எர்மெலிந்தா ஓடி வந்து நீலப் பூப்போட்ட தட்டு ஒன்றை அத்திப்பழத்தோடு ராக்கேலேயின் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அது ஒரு வஞ்சகம். தட்டைத் திருப்ப வழியில்லாமல் ராக்கேலே குளிர்காலம் முழுக்கக் கடன்காரி மாதிரி இருந்தாள். அந்தத் தட்டு அலமாரியின் மேலடுக்கில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது அதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

“சனிக்கிழமை போர்திச்சி போறோம்” என்றாள்.

“எதுக்கு?”

“தட்டைக் குடுக்க.”

தொனாத்தோ நிமிர்ந்து உட்கார்ந்தான். “குளிர்காலத்துல கடற்கரைக்காரங்க வீட்டுக்கு யாராவது போவாங்களா? உனக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா?”

அவன் கேட்டது நியாயம். குடைச் சிநேகம் குடையோடு சரி. ஆகஸ்டு முழுக்க ஒருத்தரையொருத்தர் அரைகுறை உடையில் பார்ப்பார்கள், வயிற்றுத் தழும்பு முதற்கொண்டு தெரியும், மகனுடைய விவாகரத்துக் கதை முழுக்கத் தெரியும். ஆனால் செப்டம்பர் வந்தால் நீ யாரோ, நான் யாரோ. எர்மெலிந்தா இருக்கிற போர்திச்சி அரைமணி நேர ரயில் தூரம்தான். பத்தொன்பது வருஷத்தில் இவள் அங்கே போனதில்லை, அவள் இங்கே வந்ததில்லை. அப்படிப் போவது, பண்டிகை முடிந்த பிறகு பலகாரம் கேட்டுப் போவது மாதிரி.

“தட்டைக் குடுத்துட்டு, முதல் வரிசை விஷயத்தை என் வாயால அவகிட்ட சொல்லணும். அவ மூஞ்சியை நான் பார்க்கணும். ஆகஸ்டு வரைக்கும் என்னால தாங்காது, தொனாத்தோ. வெடிச்சிருவேன்.”

தொனாத்தோவுக்கு ஜெரார்தோவோடு ஒரு கை சீட்டுப் போடலாம் என்று தோன்றியது. அதை வெளியே சொல்லாமல், “உன் இஷ்டம்” என்றான்.

அந்த வாரம் முழுக்க ராக்கேலே விடுமுறைத் திட்டத்தில் மிதந்தாள். முதல் வரிசைக்குப் பழைய நீச்சல் உடை ஆகாது என்று வெள்ளையில் ஒன்று பார்த்து வைத்தாள். பெரிய வைக்கோல் தொப்பி வேண்டும். கட்டிக்கொடுத்த மகள் லொரெதானாவைக் கூப்பிட்டு, “இனிமே பந்து எடுக்க, தண்ணி எடுக்கன்னு உம் பிள்ளைங்க என் முன்னால ஓடக் கூடாது, அது முதல் வரிசை” என்றாள்.

“அம்மா, உனக்கு அங்க பேச்சுத்துணைக்கு யாரு?” என்று லொரெதானா கேட்டாள்.

“கடல் இருக்கு.”

“ரொம்ப நல்லது. கடல் பாவம்” என்றாள் மகள்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. நீலப் பூத்தட்டில் மில்யாச்சோ என்கிற ரவை கேக்கை முழு வட்டமாக வைத்து, துணியால் கட்டி, ராக்கேலே ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். வழி முழுக்க அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜெபம் இல்லை, எந்த இடத்தில் எப்படிச் சொல்ல வேண்டும் என்ற ஒத்திகை. ‘அடடா, உங்கிட்ட சொல்லவே மறந்துட்டேனே’ என்று, கிளம்புகிற நேரத்தில், கையுறையை மாட்டிக்கொண்டே, போகிற போக்கில் சொல்ல வேண்டும்.

ஜெரார்தோவின் செருப்புக்கடையை போர்திச்சியில் தெரியாதவர் இல்லை. கடைக்கு மேலே வீடு. கதவைத் திறந்தவள் கம்பளிச் சட்டையும் மூக்குக்கண்ணாடியும் போட்ட ஒரு அம்மாள். ராக்கேலே, “எர்மெலிந்தா அம்மா இருக்காங்களா?” என்று கேட்டாள்.

“நான்தான். நீங்க…?”

இருவரும் ஒருவரையொருவர் உற்றுப் பார்த்தார்கள். உடம்பில் எங்கே மச்சம் என்று தெரியும். உடுத்தினால் எப்படி இருப்பாள் என்று தெரியாது.

“ராக்கேலே! மாதாவே! துணி உடுத்தினா இவ்ளோ குண்டாத் தெரியறியேடி!”

“உனக்குக் கண்ணாடி வேறயா? அப்ப கடற்கரையில நான் பண்ற கத்திரிக்காயைக் குறை சொன்னதெல்லாம் பார்க்காமலேதானா?”

எர்மெலிந்தா அவர்களை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். ஜெரார்தோ கூடத்தில் தொனாத்தோவைப் பார்த்ததும் நேரே போய் மேசை இழுப்பறையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்து வந்து போட்டான். ஆகஸ்டு கடைசியில் விட்ட ஆட்டத்தை அப்படியே தொடர்கிறவர்கள் மாதிரி இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

காப்பி வந்தது. எர்மெலிந்தா கேக்கை அறுத்து, ஒரு வாய் தின்று, கண்ணை மூடி யோசித்தாள். “ஆரஞ்சு கொஞ்சம் தூக்கல். மத்தபடி குத்தமில்ல” என்றாள். அவள் வாயிலிருந்து வருவதில் இது தங்கப்பதக்கம். ராக்கேலேக்கு உள்ளே குளிர்ந்தது. ஆனாலும் வந்த காரியம் இருக்கிறதே. கையுறை வரைக்கும் காத்திருக்க அவளால் முடியவில்லை.

“அடடா, சொல்லவே மறந்துட்டேன் பாரு. இந்த வருஷம் உம் பக்கத்துல நாங்க இல்ல. எங்களுக்கு முதல் வரிசை ஆயிடுச்சு. ஸ்கோத்தோ வக்கீலோட குடை.”

சொல்லிவிட்டு அவள் எர்மெலிந்தாவின் முகத்தைப் பார்த்தாள். பத்தொன்பது கோடைகளாக அவள் பார்க்க ஆசைப்பட்ட முகம். அந்த முகம் கறுக்கவில்லை, கோணவில்லை. அது சட்டென்று சின்னதாகிப்போனது. எர்மெலிந்தா கேக் துணுக்குகளை விரலால் ஒற்றி எடுத்துக்கொண்டே, “அப்படியா, நல்லதாப் போச்சு. உனக்கு ரொம்ப நாள் ஆசை” என்றாள்.

சீட்டு மேசையிலிருந்து ஜெரார்தோ தலையைத் திருப்பாமலே கேட்டான். “எது, நாம வேணாம்னமே, அந்தக் குடையா?”

“ஜெரார்தோ, ஆட்டத்தைப் பாரு” என்றாள் எர்மெலிந்தா.

“பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். ரெண்டு வருஷத்துக்கு முந்தியும் ஒண்ணு வந்துச்சே, அதையும் நீ…”

“ஜெரார்தோ!”

ராக்கேலே காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். கொஸ்தாபிலே சொன்ன பாதி வாக்கியம் இப்போதுதான் அவள் காதுக்குள் முழுசாக நுழைந்தது. முறைப்படி இன்னொருத்தர். வேணாம்னுட்டாங்க.

“நீதானா அது?” என்றாள். குரல் ஏறியது. “அப்ப, நீ துப்பினதை எனக்குத் தந்திருக்கானா? நான் மெழுகுவர்த்தி ஏத்தி வேண்டினது உன் எச்சிலையா?”

“யாருடி துப்பினா? எனக்கு அந்த இடம் ஒத்துவராது, அவ்ளோதான். முதல் வரிசையில உக்காந்தா என்ன இருக்கு பார்க்க? வெறும் கடல். கடலைப் பத்தி என்னத்தப் பேசுறது? மூணாவது வரிசைன்னா முன்னால ரெண்டு வரிசை ஜனம் இருக்கு. யாரு யாருக்கு முதுகுல எண்ணெய் தேய்க்கிறா, எவ பழைய உடுப்பையே போட்டுக்கிட்டு வந்திருக்கா, எல்லாம் தெரியும்.”

“பொய்” என்றான் ஜெரார்தோ, சீட்டை இறக்கிக்கொண்டே. “ரெண்டு குடை பக்கத்துல பக்கத்துல காலியானா மட்டும் கூப்பிடு, ஒத்தைக் குடைக்கெல்லாம் என்னைத் தொந்தரவு பண்ணாதேன்னு கொஸ்தாபிலேகிட்ட சொன்னா. ரெண்டு தடவையும் அதேதான் சொன்னா. அந்த ராக்கேலே இல்லாம நான் அங்க போய் யாரோட உக்கார்றதுன்னு என்கிட்ட கேட்டா. எனக்கு முதல் வரிசைன்னா உசுரு. யாரு என்னைக் கேட்டா?”

தொனாத்தோ கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தான்.

ராக்கேலேக்கு வெட்கமாக இருந்தது. சும்மா ஒப்புக்கு வருகிற வெட்கம் இல்லை. முகம் காந்தி, காது நுனி சுட்டது. கொஸ்தாபிலே சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே ‘சரி’ என்றவள் அவள். இவளோ இரண்டு தடவை ‘வேணாம்’ என்றிருக்கிறாள். அந்தக் குடையை இவள் மூஞ்சியில் அடிக்கத்தான், கேக்கும் கையுமாக ரயிலேறி வந்திருக்கிறோம் என்று நினைத்தபோது, எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் வெட்கம் வந்தால் தணிந்து பேசுகிற பரம்பரை இல்லை அவளுடையது.

“இதை நீ ஏன்டி எங்கிட்ட சொல்லல?” என்று கத்தினாள்.

“சொன்னா உனக்குத் தலைக்கனம் ஏறும்.”

“எனக்கா தலைக்கனம்?”

“பின்ன? இப்பவே பாரு, கண்ணு நிறைஞ்சு போய் உக்காந்திருக்கே. துடைச்சுக்கோ. கேக்குல விழுந்தா உப்புக் கரிக்கும்.”

எர்மெலிந்தாவின் கண்ணாடியும் கொஞ்சம் மங்கித்தான் இருந்தது. அதை யாரும் சொல்லிக்காட்டவில்லை.

ராக்கேலே மூக்கைச் சிந்தினாள். மூன்றாவது வரிசைக்கே திரும்பிவிடலாம். கொஸ்தாபிலேயிடம் ‘வேணாம்’ என்று சொல்ல ஒரு நிமிஷம். ஆனால் அந்த முள் இன்னும் நெஞ்சில் இருந்தது. எழுந்தார்கள், இறங்கினார்கள் என்கிற அந்த ஒரு கோடை அவளுக்கு வேண்டும். இப்போது எர்மெலிந்தாவும் வேண்டும். ஒன்றுக்காக மற்றதை விடுவது பெருந்தன்மை. பெருந்தன்மை அவளுக்கு எப்போதும் சரிப்பட்டு வந்ததில்லை. அவள் கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்தாள்.

“கொஸ்தாபிலே? நான்தான். அந்தக் குடைக்கு என் பேரோட இன்னொரு பேரும் எழுதணும். எர்மெலிந்தா.”

“உன்னை யாரு கேக்கச் சொன்னா?” என்று எர்மெலிந்தா பாய்ந்தாள்.

“நீ சும்மா இரு. ஆமா கொஸ்தாபிலே, ஒரே குடை, ரெண்டு குடும்பம்.”

கொஸ்தாபிலே மறுமுனையில் அலறியது கூடம் முழுக்கக் கேட்டது. “தொன்னா ராக்கேலே, அது முதல் வரிசை, பஸ் இல்ல! பக்கத்துல நோட்டரி இருக்காரு, அந்தப் பக்கம் பல் டாக்டரம்மா இருக்காங்க. ஒரு குடைக்குக் கீழ எட்டுக் காலை நீட்டினா அவங்க என்னை உரிச்சுடுவாங்க!”

“நோட்டரி போன வருஷம் யாரோட வந்தாரு, அதுக்கு முந்தின வருஷம் யாரோட வந்தாருன்னு மூணாவது வரிசையில இருந்தே எங்களுக்குத் தெரியும். அவரு பேச மாட்டாரு.”

“முறைன்னு ஒண்ணு இருக்கும்மா…”

“முறைப்படி அந்தக் குடை யாருக்கு? எர்மெலிந்தாவுக்கு. அவ வேணாம்னதால எனக்கு. ரெண்டு பேருக்கும் முறை இருக்கு. அதுவுமில்லாம மூணாவது வரிசையில பக்கத்துல பக்கத்துல ரெண்டு குடை உனக்குக் காலியாவுது. நாலாவது வரிசையில எத்தனை பேரு தவம் கிடக்கிறான்? நீதான் ராஜா அன்னைக்கு.”

மறுமுனையில் விரல்விட்டு எண்ணுகிற முணுமுணுப்பு கேட்டது. கொஸ்தாபிலே மனசுக்குள் குடைகளை இடம் மாற்றி நட்டுப் பார்க்கிறான் என்று எல்லோருக்கும் புரிந்தது. எர்மெலிந்தா பொறுக்காமல் தொலைபேசியைப் பிடுங்கினாள்.

“கொஸ்தாபிலே, கேளு. ஆகஸ்டு மாதா திருநாள் அன்னைக்குக் கத்திரிக்காய் பார்மிஜானா, உனக்குன்னு தனித் தட்டு. என்னுது ஒண்ணு, இவளுது ஒண்ணு. எது நல்லாயிருக்குன்னு நீயே சொல்லணும்.”

“ஐயோ, அதை மட்டும் சொல்லச் சொல்லாதீங்க!” என்றான் கொஸ்தாபிலே. “எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு. தட்டை மட்டும் அனுப்புங்க. ரெண்டு பேரையும் எழுதிக்கறேன்.”

ஜெரார்தோ எழுந்து நின்று ஒரு தடவை கையைத் தட்டினான். தொனாத்தோவின் கை சட்டைப்பைக்குள் சாவியைத் தேடி ஓடியது. பிறகு அந்த வீட்டில் அன்று விடுமுறைத் திட்டம் நடந்தது. மேசையில் சர்க்கரைக் கிண்ணத்தைக் குடையாக நிறுத்தி, கரண்டிகளைச் சாய்நாற்காலிகளாக வைத்துப் பார்த்தார்கள். கடல் எந்தப் பக்கம் என்பதற்கே ஒரு சண்டை. குளிர்பெட்டி யாருடையது, காலையில் யார் முதலில் வந்து துண்டைப் போடுவது, நான்கு பேரில் எந்த இரண்டு பேர் நிழலில், எந்த இரண்டு பேர் வெயிலில் என்று இழுபறி நடந்தது.

“அது இருக்கட்டும், மத்தியானம் குடையைச் சாய்க்கிற வேலை இனிமே கிடையாது” என்று ராக்கேலே கரண்டியால் கிண்ணத்தைத் தட்டினாள். “பத்தொன்பது வருஷம் ஒத்தைக்காலோட ஊருக்குப் போனேன்.”

எர்மெலிந்தா தொனாத்தோவைப் பார்த்தாள். தொனாத்தோ தன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தான்.

“அதை உம் புருஷன்கிட்ட சொல்லு” என்றாள் எர்மெலிந்தா. “நீ கறுக்கணும்னு உங்க குடையை மடக்கிடுவே. இவரு வழுக்கை முதல் வருஷமே வெந்துபோச்சு. ‘கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ச்சு விடுங்க, அவகிட்ட சொல்லிடாதீங்க’ன்னு கெஞ்சினாரு. நான் அவரு தலைக்குத்தான் சாய்ச்சேன். நடுவுல உன் கால் இருந்தா நான் என்ன பண்ணுவேன்?”

ராக்கேலே மெதுவாகத் திரும்பினாள். மலை ரயிலை மூடுபனியிலும் ஓட்டின மனிதன், சோபாவில் ஒரு அங்குலம் பின்னால் நகர்ந்தான்.

“அந்தச் சண்டையை எல்லாம் நீ பக்கத்துல படுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தியா?”

“நிழல்ல படுத்தா தூக்கம் நல்லா வருது, ராக்கேலே” என்றான் தொனாத்தோ.

முதலில் சிரித்தவள் எர்மெலிந்தா. பிறகு ஜெரார்தோ. ராக்கேலே கொஞ்ச நேரம் கோபமாக இருந்து பார்த்தாள், முடியவில்லை. மேசையில் கைவைத்து, கரண்டிகள் சிதறிக் கீழே விழ, கண்ணில் நீர் வர அவளும் சிரித்தாள். கடைசியில் அவனுக்கு ஒரு தொப்பி வாங்குவது என்று முடிவாயிற்று.

கிளம்பும்போது எர்மெலிந்தா அடுக்களைக்குள் போய், நீலப் பூத்தட்டைக் கழுவி, கார்னிவலுக்கு மாவுத்தகடும் பால்கட்டியுமாக அடுக்கிப் பண்ணிய லசாஞாவில் இரண்டு பெரிய துண்டுகளை வைத்து, துணியால் கட்டிக் கொண்டு வந்தாள்.

“மறுபடியும் இந்தத் தட்டா?” என்றாள் ராக்கேலே.

“கேக்கோட வந்த தட்டை வாங்கிட்டு, உன்னை வெறுங்கையோட அனுப்பினா என்னைப் பத்தி என்ன நினைப்பே?”

“அதைத்தான் எப்பவும் நினைக்கிறேன். ஆகஸ்டுல திருப்பித் தர்றேன்.”

“ஆகஸ்டு வரைக்கும் எந் தட்டு உங்க வீட்ல கிடக்கணுமா?” என்றாள் எர்மெலிந்தா. சொல்லிவிட்டு, ராக்கேலேயின் கோட்டுக் காலரை ஒரு தடவை சரிசெய்துவிட்டாள். கடற்கரையில் சரிசெய்ய அவளுக்குக் காலரே இருந்ததில்லை.

திரும்புகிற ரயிலில் ராக்கேலே தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வீடுகளுக்கு இடையில் அவ்வப்போது கடல் தெரிந்தது, ஈயத் தகடு மாதிரி, குளிர்ந்து. துணியின் ஒரு ஓரத்தைத் தூக்கி, லசாஞாவின் விளிம்பைக் கிள்ளி வாயில் போட்டாள்.

“மிளகு அதிகம்” என்றாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு இன்னொரு துண்டு கிள்ளினாள்.

“வர்ற சனிக்கிழமையே போய்க் குடுத்துட்டு வந்துரலாம்” என்றாள். “அடுத்தவங்க தட்டை ரொம்ப நாள் வீட்ல வெச்சுக்கிறது நல்லாயில்ல.”

தொனாத்தோ சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். போன ஆகஸ்டிலிருந்து அந்தத் தட்டு எங்கே இருந்தது என்று அவன் கேட்கவில்லை.